வயதானால் தசையில் கொலாஜன் குறைவதில்லை, இறுகுகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயது ஏற ஏற உடலில் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் குறைந்துவிடுவதால்தான் தசையும் மூட்டும் இறுகுகின்றன என்றும், அதைப் பொடியாக வாங்கிக் குடித்தால் இழந்ததை ஈடுகட்டிவிடலாம் என்றும் தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் எழுதப்பட்டிருந்தது. தோலைப் பொறுத்தவரை கொலாஜன் குறைவது உண்மைதான். ஆனால் தசைக்கும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கும் அக்கணக்கு பொருந்தாது. அங்கே நடப்பது பெரும்பாலும் இருக்கிற கொலாஜனே ஆண்டுக்காண்டு இறுகிப்போவதுதான்.

இறைச்சியியல் பாடம் நடத்தியவன் என்பதால், கறியிலிருந்தே தொடங்குகிறேன். இளங்குட்டியின் தொடைக்கறி விரைவில் வெந்துவிடுகிறது; முற்றிய ஆட்டின் அதே தொடைக்கறி எத்தனை விசில் விட்டாலும் நார்நாராகவே நிற்கிறது. கிழட்டு ஆட்டில் கொலாஜன் கூடுதலாக இருப்பதே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் எடைக்கு எடை ஒப்பிட்டால், ஒரே பாகத்துத் தசையில் அதன் அளவு வயதோடு பெரிதாகக் கூடுவதில்லை. மாறுவது, சூட்டில் கரையக்கூடிய பங்கு. இளம் வயதில் அது அதிகம், முதிர்ந்த விலங்கில் மிகக் குறைவு.

கொலாஜன் என்பது மூன்று புரதச் சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட நீண்ட மூலக்கூறு. செம்புச் சத்து இல்லாமல் இயங்காத லைசில் ஆக்சிடேஸ் என்னும் நொதி, இதிலுள்ள லைசின் போன்ற அமினோ அமிலங்களை மாற்றியமைத்து, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைக்க வழிசெய்கிறது. இளமையில் இப்பிணைப்புகள் இரண்டிரண்டு சங்கிலிகளை மட்டும் இணைப்பவை, சூட்டுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பவை; நாளடைவில் இவையே மூன்றை ஒருசேரப் பூட்டும், சூட்டைத் தாங்கும் பிணைப்புகளாக முதிர்கின்றன. ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியசில் கொலாஜன் சுருங்கி, கறியிலிருந்து நீரைப் பிழிந்து வெளியேற்றுகிறது. இளங்கறியில் அதற்குப் பின் அது ஜெலட்டினாகக் கரைந்துவிடும். முற்றிய கறியிலோ சுருங்கியது சுருங்கியபடியே நிற்கும். குழம்பில் இரண்டு துண்டு பப்பாளிக்காய் போடும் வழக்கம் வீண் அல்ல, அதிலுள்ள நொதி புரதத்தையே வெட்டுகிறது.

மனித உடலில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இரத்தத்திலுள்ள குளூக்கோஸ், எந்த நொதியின் துணையும் இல்லாமல், நெடுங்காலம் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் கொலாஜனில் ஒட்டி, பென்டோசிடின், குளூக்கோசிபேன் போன்ற பிணைப்புகளை உண்டாக்குகிறது. இளைஞர், முதியோர் ஆகியோரின் தொடைத் தசையை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், இரு சாராரிடமும் கொலாஜன் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. முதியோரிடம் பென்டோசிடின்தான் மிகுந்திருந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு இம்மாற்றம் முன்கூட்டியே வருகிறது. நீண்ட நாள் நோயாளிகள் சிலரைக் கைகூப்பச் சொல்லிப் பாருங்கள்: உள்ளங்கைகளும் விரல்களும் முழுதாக ஒட்டாமல் நடுவே இடைவெளி தெரியும். தோள்பட்டை இறுக்கமும் அவர்களிடம்தான் அதிகம்.

இந்தக் கொலாஜன் எவ்வளவு பழையது என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் அழகாகக் காட்டினார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன் திடீரென உயர்ந்து, பின்னர் படிப்படியாகத் தணிந்தது. உணவு வழியே அது உடலில் சேர்வதால், ஒரு திசு எந்தக் காலத்தில் உருவானது என்பதை அதன் அளவு காட்டிக்கொடுக்கும். வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்களின் குதிகால் தசைநாணில் அதன் அளவைப் பார்த்தபோது, நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகி, அதன்பின் அனேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரியவந்தது. அறுபது வயதுக்காரர் நடப்பது பள்ளி வயதில் உருவான நாணைக் கொண்டுதான். தசைத் திசு அப்படியல்ல. அது தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது.

கொலாஜனின் முச்சுருள் அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அதற்குப் பயன்பட்ட கங்காரு வால் தசைநாண் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. கொலாஜனுக்கு ஒரு பக்கம் முழுவதையும் ஒதுக்கிய கட்டுரை இதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம்.

பொடி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. முழங்கால் வலி ஓரளவு குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் குடிக்கும் கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் சிதைந்த பிறகே உடலில் சேர்கிறது. ஏற்கெனவே விழுந்த குறுக்குப் பிணைப்புகளை அது அவிழ்க்காது. அவற்றை அறுப்பதற்கென்றே உருவாக்கி மனிதர்களிடம் சோதித்த அலஜீப்ரியம் என்ற மருந்துகூடச் சந்தைக்கு வரவில்லை. அப்படியிருக்க, சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே பொடியைப் பரிந்துரைத்த கட்டுரை, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டது சரியல்ல. அந்தப் பகுதிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர்,
நாமக்கல்.