கழுத்து ரத்தக்குழாய்க் கிழிசல்: மகனுக்கு

அன்புள்ள கண்ணா,

ஆஞ்சியோ ரிப்போர்ட் பார்த்தேன். கழுத்து வழியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது வெர்டிப்ரல் தமனியில் கிழிசல். மூளையில் பாதிப்பு இல்லை. கிழிந்ததைத் தைக்காமல் வெறும் ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பிவிட்டார்களே என்று கேட்டிருக்கிறாய்.

தைக்க வேண்டியதில்லை. ரத்தக்குழாய்ச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளடுக்கு கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து உறைந்து, குழாயைக் குறுக்கியிருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் பிறை மாதிரித் தெரிவது அதுதான். பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானே ஆறிவிடும். மருந்து கொடுத்தும் மூளைக்கு ரத்தம் போதாவிட்டால்தான் ஸ்டென்ட், அது அபூர்வம்.

பயம் வேறு இடத்தில். கிழிந்த இடத்தில் ரத்தம் கட்டி, துணுக்கு ஒன்று பிய்ந்து மேலே போனால் பக்கவாதம். ஆஸ்பிரின் அந்தக் கட்டியைத் தடுக்கத்தான், கிழிசலை ஆற்ற அல்ல. முதல் இரண்டு வாரம் ஆபத்து அதிகம். வலி நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதே. சில டாக்டர்கள் ஆஸ்பிரினுக்குப் பதில் வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தருவார்கள். 2015-இல் வந்த காடிஸ் ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 2021-இல் வந்த ட்ரீட்-கேட் ஆய்வால் ஆஸ்பிரின் அந்த மருந்துக்குச் சளைத்ததல்ல என்று நிரூபிக்க முடியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. உன் டாக்டர் எழுதியதையே சாப்பிடு, இரண்டையும் நீயாகச் சேர்க்காதே.

வலிக்கு 650 மி.கி. பாராசிட்டமால், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்: ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம்.

இந்தத் தமனி கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறி, முதல் எலும்பின் மேல் வளைந்து மண்டைக்குள் நுழைகிறது. தலையை வெடுக்கென்று திருப்பினால் இழுபடுவது அந்த வளைவு. முடிவெட்டி முடித்ததும் சலூனில் கழுத்தைப் பிடித்து நெட்டி முறிப்பார்களே, அது இனி ஆயுசுக்கும் கூடாது. இலவசம் என்று தலையைக் கொடுக்காதே! ஜிம் பளுவும் சிரசாசனமும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம்.

திடீர்த் தலைசுற்றலோடு வாந்தி, இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்க முடியாமை, நடை ஒருபக்கம் சாய்வது: எது வந்தாலும் உடனே 108. ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் போ. கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. போனதும் இந்த ரிப்போர்ட்டை நீட்டு. இல்லாவிட்டால் தலைசுற்றலைக் காதுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடக்கூடும். சாதாரண சி.டி. நார்மல் என்பதை நம்பி எழுந்து வராதே, ஆரம்பத்தில் அதில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

மூன்றாம் மாத ஆஞ்சியோ படத்தை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அம்மா