கிரகரி வாவிக் கரையில் குதிரை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

நுவரெலியாவில் சவாரிக்கு நிற்கும் ஒவ்வொரு குதிரைக்குப் பின்னாலும் ஒரு சீட்டுப் பணமோ அடகு வைத்த நகையோ இருக்கிறது. அந்தக் காசு ஒரே மாதத்தில் நொண்டிக்காலாகிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறோம்.

வாங்கப் போனால் எல்லோரும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். விற்கிறவரைப் பற்றி விசாரிக்கிறவர்கள் குறைவு. விசாரித்தாலும் அவரே தந்த இரண்டு நம்பருக்கு அடித்து, "நல்ல மனுசன்" என்ற பதிலோடு திருப்தியாகிவிடுகிறோம். அந்த நம்பர் அவருடைய மச்சானுடையதாகவும் இருக்கலாம். நீங்களாகத் தேடிப்போய்க் கேளுங்கள். அவருடைய குதிரைகளுக்கு லாடம் அடிப்பவரைக் கேளுங்கள், அந்தப் பக்கத்து மிருக வைத்தியரைக் கேளுங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடந்த இரண்டு வருடத்தில் அவரிடம் வாங்கியவர்களைக் கேளுங்கள். "ஆள் எப்படி?" என்று கேட்டால் பட்டும் படாமலும்தான் பதில் வரும். "அந்தக் குதிரை இப்போது எங்கே நிற்கிறது?" என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் கைமாறியிருந்தால் காரணத்தையும், குறை சொன்னபோது விற்றவர் போனை எடுத்தாரா என்பதையும் கேளுங்கள். நல்ல வியாபாரி விற்ற குதிரையிலும் குறை வரும். வந்த பிறகு அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதில்தான் ஆள் தெரியும்.

அவர் வாயால் சொன்னதைக் குதிரையிடமே சரிபார்க்கலாம். மேல்வரிசை முன்பற்களில் ஓரப் பல்லைப் பாருங்கள். ஏறக்குறைய 10 வயதில் ஈறோரம் பழுப்புக் கோடு ஒன்று தொடங்கும். 15 வயதில் அது பாதிப் பல்லுக்கு இறங்கும், 20 வயதில் முழுநீளம் வந்துவிடும். ஓரிரு வயது முன்பின் இருப்பது சகஜம். "எட்டு வயசு" என்ற குதிரையில் கோடு பாதிக்கு வந்திருந்தால் அந்த ஆளின் மற்றப் பேச்சையும் அதே கணக்கில் வையுங்கள். பந்தயத்தில் ஓடியது என்றால் அதன் கடவுச்சீட்டை, அதாவது குதிரையின் அடையாளப் புத்தகத்தைக் கேட்டு, நெற்றிச் சுழியையும் வெள்ளைக் குறிகளையும் கழுத்துத் தோலுக்கடியில் வைத்த சிப்பின் இலக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

"எந்த ஆளையும் தாங்கும்" என்றால் ஒரு தையல் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததைத் தோள்முனையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தால் பெருக்கி 11,880ஆல் வகுத்தால் கிலோக் கணக்கு வரும். சுற்றளவு 140, நீளம் 130 சென்றிமீற்றர் என்றால் ஏறக்குறைய 215 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு, சேணமும் சேர்த்து 43 கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் முதுகு போய்விடும்.

பெரிய ஏமாற்று காலில்தான் நடக்கிறது. வலிமருந்து கொடுத்த குதிரை அன்றைக்கு நொண்டாது. அதனால் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, சில நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலை மறுபடி போங்கள். வேலைக்கு எடுக்குமுன் கயிற்றைத் தளரப் பிடித்து, தார் ரோட்டில் நடையோட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். நோகிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நான்கு குளம்பையும் தூக்கி முகர்ந்து பாருங்கள். நம்மூர் ஈரத்தில் குளம்படி அழுகினால் கறுப்புக் கசிவோடு நாற்றம் குப்பென்று வரும். கீழுதடு தொங்கி, தலை கவிழ்ந்து, அளவுக்கு மீறிச் சாதுவாக நின்றால் மயக்க மருந்தையும் சந்தேகியுங்கள். மருந்து கொடுத்திருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் தெரியும். அதற்கு விற்கிறவர் காட்டும் வைத்தியர் வேண்டாம். குதிரை பார்த்துப் பழகியவர் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் கேளுங்கள்.

இதற்கெல்லாம் சம்மதிக்காமல் "இன்னொரு பார்ட்டி காசோடு நிற்கிறது" என்றால் அந்தப் பார்ட்டியே வாங்கட்டும். சம்மதித்தால் அடையாள அட்டை இலக்கம், குதிரையின் அடையாளம், தொகை, எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே காசைக் கொடுங்கள்.

உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம். ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதால்தான் அதே ஆள் அதே குதிரையை அடுத்தவர் தலையில் கட்டுகிறார். வாங்கிய இடத்தையும் நடந்ததையும் வாவிக் கரையில் பக்கத்தில் நிற்பவரிடமாவது சொல்லுங்கள். புதுக் குதிரை வந்தால் மூன்று வாரம் தனியே கட்டுங்கள், தினமும் காய்ச்சல் பாருங்கள். 38.5 பாகைக்கு மேல் போனாலோ, மூக்கில் சளி வந்தாலோ, தாடைக்கடியில் கட்டி வீங்கினாலோ வைத்தியரைக் கூப்பிடுங்கள். அந்த மூன்று வாரமும் அதன் தண்ணி வாளியை மற்றக் குதிரைகளுக்கு வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலறிந்த நண்பர்கள்