வள்ளிக்கும் வேலனுக்கும் உடுப்பு தந்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தை எங்கள் குழு மதுரையில் நல்லபடியாக மேடையேற்றிவிட்டது. உடைகள் பிரமாதம் என்று பலரும் என்னிடம் சொன்னீர்கள். அந்தப் பாராட்டில் பங்குள்ளவர்களுக்கு இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தையல் மாஸ்டருக்கு. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தில் கடை வைத்திருந்து, இப்போது குன்னத்தூர் சத்திரக் கட்டடத்தில் தைக்கிறார். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பெல்லாம் தைத்துப் பழகிய கை. முருகன் வேடனாக வர வேண்டும், கிழவனாக மாற வேண்டும், கடைசியில் சுயரூபம் காட்ட வேண்டும். ஆற அமர உடை மாற்ற எங்கே நேரம்? மாஸ்டர் வேடன் உடுப்பின் முதுகைத் திறந்துவிட்டு, கழுத்திலிருந்து இடுப்பு வரை வெல்க்ரோ வைத்தார். "அவசரத்துல கொக்கி கழலாது தம்பி, இது இழுத்தா வந்துரும்" என்றார். வந்தது. ஆனால் இழுக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம், அதை மைக் அப்படியே பிடித்துக்கொண்டது. மிருதங்கக் கலைஞர் ஒத்திகையிலேயே இதைக் கவனித்து, சரியாக அந்த நொடியில் ஒரு தீர்மானம், அதாவது முத்தாய்ப்பு அடி, வைத்து மூடிவிட்டார். அவருக்கும் என் கும்பிடு.

அப்புறம், பல வருஷம் ஸ்பெஷல் நாடகத்தில் (ஒவ்வொரு இரவுக்கும் நடிகர்களைத் தனித்தனியாக அழைத்துச் சேர்த்துப் போடும் இசை நாடகம்) ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், கட்டிய அம்மா. அந்த மேடைகளில் நடிகர்கள் தங்கள் உடையைத் தாங்களேதான் கொண்டுபோவார்கள். அதனால் துணியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எந்த வகுப்பிலும் கிடைக்காது. எங்கள் வள்ளியின் ஒட்டியாணத்தைத் தொட்டுப் பார்த்தவர், பாடச் சொல்லிக் கேட்டார். "வயிறு விரிய இடம் இல்லாம மேல் ஸ்தாயிக்கு எப்படிப் போவா?" என்று கேட்டு, பின்பக்கம் எலாஸ்டிக் வைக்கச் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, பாட்டில் தெரிந்தது. இசை நாடகத்தில் உடை பாட்டுக்குப் பிறகுதான் என்பதை அவரிடம்தான் படித்தேன். தன் பழைய கெம்பு செட்டையும் தயங்காமல் தந்தார்.

வள்ளியின் பச்சைச் சுங்குடி, தினைப்புனக் காட்சியின் சிவப்பு வெளிச்சத்தில் கறுத்துத் தெரிந்தது. சேலையை மாற்றச் சொல்லாமல் தன் வெளிச்சத்தை மாற்றிக்கொண்ட லைட்டிங் தம்பிக்கு நன்றி. கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டிய பிள்ளைகளுக்கும், மேடைக்குப் பின்னால் ஊசி நூலோடு நின்ற அக்காக்களுக்கும் நன்றி.

உடைகளைக் காயவைத்து, பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். 'வள்ளி திருமணம்' போடும் எந்தக் குழுவும் எடுத்துப் போகலாம், வாடகை வேண்டாம். வெல்வெட்டை மட்டும் தண்ணீரில் நனைக்காதீர்கள்.

அன்புடன்,
உடை வடிவமைப்பாளர்