வாயைக் கட்டச் சொன்ன அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில் கர்ப்பகாலச் சர்க்கரை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பரிசோதனை விவரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும், "கர்ப்பிணிகள் கொஞ்சம் வாயைக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்தவள் நான். அதைவிட அதிக காலமாகத் தங்கள் இதழின் வாசகி. அந்த உரிமையில் எழுதுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

இதே வார்த்தையை என் மகளும் கேட்டாள். ஏழாம் மாதம் அவளுக்குச் சர்க்கரை ஏறி, ஒரு தனியார் மருத்துவமனையில் இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஊசி போட்டுக்கொள்ள அங்கிருந்த நர்ஸே சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரம் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை. "வீட்டில் யாருக்கும் தெரியாமல் எதையாவது தின்கிறாயா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். வயிற்றில் பிள்ளையோடு பட்டினி. நான் போய்ப் பார்த்தபோது முகம் வற்றிக் கிடந்தது. சிரிஞ்சை எடுத்துக் காட்டச் சொன்னேன். ஆரஞ்சு மூடி. மருந்துப் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்று இருக்கிறது. ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கானது, 40க்குச் சிவப்பு மூடிதான். அந்தச் சிரிஞ்சில் பத்துக் கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது நாலு யூனிட். குற்றம் ஊசியில் இருந்தது. பழி மட்டும் அவள் வாய்மேல்.

அந்த நர்ஸுக்கு 22 வயதுகூட இருக்காது. மூடியின் நிறத்தைச் சொன்னதும் கண் கலங்கிவிட்டது. "எங்களுக்கு இதை யாரும் காட்டலைம்மா" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன்.

தமிழக அரசு 2007லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய ஆணை போட்டது தங்களுக்குத் தெரியும். மத்திய அரசின் வழிகாட்டி வந்தது அதற்குப் பல வருடம் கழித்து, 2014இல். நாட்டுக்கே வழிகாட்டினோம் என்று பெருமைப்பட எனக்கும் ஆசைதான். எங்களுக்குக் கிடைத்த பயிற்சி என்ன தெரியுமா? ஒரு மண்டபத்தில் 120 பேர், திரையில் ஆங்கிலத்தில் எழுத்து, கையெழுத்து, சாப்பாட்டுப் பொட்டலம், பஸ். முன்வரிசையில் சுற்றி வந்த குளுக்கோமீட்டர் பின்வரிசைக்கு வந்து சேரவேயில்லை.

அந்தப் பரிசோதனை எவ்வளவு யோசித்து உருவாக்கியது! சென்னைச் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷையா அவர்களும் கூட இருந்தவர்களும் நம் ஊர்ப் பெண்களை நினைத்துச் செய்தது. மார்ச் 10, அவர் பிறந்தநாளைத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கொண்டாடுகிறோம். வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை, சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை. அவ்வளவுதான். அதையும் நடைமுறையில் என்ன செய்கிறோம்? சாப்பிடாமல் வா என்கிறார்கள். 100 கிராம் பாக்கெட்டை அப்படியே கொட்டிக் கலக்குகிறார்கள். பதினொன்றரை பஸ் போய்விடும் என்று ஒன்றேகால் மணி நேரத்திலேயே ரத்தம் எடுக்கிறார்கள். எல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் குளுக்கோஸ் குடித்து இருபது நிமிடத்தில் வாந்தி எடுத்தாள். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் மறுபடி செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தேன், 118 வந்தது, அட்டையில் "நார்மல்" என்று எழுதினேன். ஒன்பதாம் மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது 214. பிள்ளை 4 கிலோ 300. பிரசவத்தில் தோள் சிக்கிக்கொண்டது. அந்தப் பையனுக்கு இன்றும் வலது கை முழுதாக உயராது. கோவிலில் பார்த்தால் "நர்ஸம்மா" என்று ஓடி வருவான். அவன் அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இதில் அந்தப் பெண் எந்த வாயைக் கட்டியிருக்க வேண்டும் ஐயா?

நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பதால் வருவது இது. உணவுமுறை முக்கியம், மறுக்கவில்லை. சர்க்கரை இருப்பது தெரிந்ததும் முதல் இரண்டு வாரம் உணவை ஒழுங்குபடுத்திப் பார்ப்பதுதான் முறை. ஆனால் ஒழுங்குபடுத்துவது வேறு, பட்டினி போடுவது வேறு. அதையும் யாராவது சொல்லித்தர வேண்டாமா? "சோற்றை விட்டுச் சப்பாத்தி சாப்பிடு" என்பதைத் தாண்டி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் பேரீச்சம்பழம் கொடுக்கிறோம். "சுகர் இருக்கே, நான் இதைத் தின்னலாமா?" என்று ஒருத்தி கேட்டால் ஒவ்வொரு நர்ஸும் ஒவ்வொரு பதில் சொல்கிறோம்.

பிரசவமானால் நஞ்சுக்கொடி விழுந்துவிடும், சர்க்கரையும் பெரும்பாலும் இறங்கிவிடும். எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஆறாவது வாரம் மறுபடி 75 கிராம் கொடுத்துப் பார்க்கவேண்டும். இவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்கிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட அந்தத் தாய் எப்படியும் ஆறாவது வாரம் வருகிறாள். குழந்தைத் தொடையைப் பிடித்து ஊசி போட்டு அனுப்புகிறோம். தாயை நிமிர்ந்து பார்ப்பதில்லை. தங்கள் கட்டுரையிலும் அந்த ஆறாவது வாரம் இல்லை.

நர்ஸுகளுக்கு வருடத்துக்கு ஒரு நாளாவது, இருபது பேருக்கு மிகாமல், தமிழில், கையில் சிரிஞ்சும் மீட்டரும் கொடுத்துப் பயிற்சி வேண்டும் என்று சுகாதாரத் துறையிடம் கேட்டு எழுதி எழுதி ஓய்ந்துவிட்டேன். தங்களிடம் கேட்பது அவ்வளவு பெரிதில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அந்த வரியைத் திருத்திப் போடுங்கள். கூடவே சிரிஞ்சு மூடியின் நிறத்தையும், வாந்திக்கான அரை மணிக் கணக்கையும், ஆறாவது வாரத்தையும் சேர்த்துவிடுங்கள். நான்கு வரிக்கு மேல் ஆகாது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
காவிரி டெல்டாவிலிருந்து.