பிராண்ட்வுட் காட்டுக்கு உழைத்தவர்களுக்கு நன்றி

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், கோனிஸ்டன் ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள பிராண்ட்வுட் வீட்டையும் அந்தக் கரையின் காடுகளையும் பேணிவரும் எல்லோருக்கும் வணக்கம்.

காந்தி 1904-இல் ரயிலில் படித்து, பிறகு ‘சர்வோதயம்’ என்று குஜராத்தியில் தந்தாரே, அந்த நூலை எழுதியவர் என்ற அளவில் ஜான் ரஸ்கினைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவர் 1871-இல் நேரில் பார்க்காமலே 1,500 பவுண்டுக்கு வாங்கிய இடம் இது. 1900-இல் இறக்கும்வரை இந்தச் சரிவில் படிப்படியாகத் தோட்டம் அமைத்தார், மேலே நீர் தேக்கினார், கரையில் படகுத்துறை கட்டினார்.

ஆண்டுக்கு 30 நாளாவது வீடு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர் உயிலில் இருந்த விருப்பம். அது நடக்கவில்லை, வீட்டுப் பொருள்களும் ஏலத்தில் சிதறின. 1932-இல் வீட்டை வாங்கி, 1934-இல் திறந்துவைத்து, 1951-இல் அறக்கட்டளையிடம் சேர்த்த ஜான் ஹோவர்ட் வைட்ஹவுஸுக்கு முதல் நன்றி.

அடுத்து, குளிரில் ரம்பமும் அரிவாளுமாக நிற்பவர்களுக்கு. ஹேசல் என்னும் கொட்டை மரத்தை இலை உதிர்ந்த மாதங்களில் தரையை ஒட்டிச் சாய்வாக வெட்டினால்தான் மழைநீர் தங்காமல் கட்டை அழுகாது. கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போலப் பல தண்டுகள் எழும். ஏழு முதல் பத்து ஆண்டில் மறுபடி வெட்டலாம். ஆனால் இங்கே செம்மான்கள் உண்டு. வேலியோ, வெட்டிய கிளைகளைக் கட்டையின் மேல் குவித்த அரணோ இல்லையென்றால் ஒரே கோடையில் தளிரெல்லாம் போய்விடும்.

ரோடோடென்ட்ரான் அகற்றுவதோ இன்னும் கொடிய வேலை. நீலகிரியின் காட்டுப்பூவரசுக்கு உறவான இந்த வந்தேறிச் செடி ஓக் மரங்களின் அடியை இருட்டாக்கி, பாசியையும் பெரணியையும் ஓக் நாற்றுகளையும் ஒழித்துவிடுகிறது. வெட்டினால் மட்டும் போதாது: வெட்டுவாயில் உடனே களைக்கொல்லி பூச வேண்டும், அதுவும் மழையில்லாத நாளில். விதை தூசு போன்றது. பாசிமேல் விழுந்தாலே முளைக்கும். அதனால் ஆண்டுதோறும் திரும்பி வந்து நாற்றுகளைப் பிடுங்குகிறீர்களே, அந்தப் பொறுமைக்குத் தனி நன்றி.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானுக்குக் கூட்டுப்பெட்டி வைப்பவர்களுக்கும் நன்றி. 28 மில்லிமீட்டர் துளை போதும். அந்தப் பறவை ஏப்ரல் பிற்பாதியில்தான் பெரும்பாலும் வந்து சேரும். அதற்குள் நீலப் பட்டாணிக்குருவிகள் எல்லாப் பெட்டிகளிலும் குடியேறிவிடும். சில பெட்டிகளின் துளையை அதுவரை அடைத்துவைப்பது எளிய வேலைதான், ஆனால் நாள் தவறினால் அந்த ஆண்டு வீண்.

சிவப்பு அணில்களுக்கு உணவு வைப்பவர்கள் தட்டை அடிக்கடி கிருமிநாசினியால் கழுவுகிறார்கள். சாம்பல் அணில் சுமந்து வரும் அம்மை, அசுத்தமான தட்டின் வழியாகவும் பரவக்கூடும். சிவப்பு அணிலை அது பெரும்பாலும் கொன்றுவிடும்.

வசந்தத்தில் பாதை விலகாமல் நடந்து, நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லும் பார்வையாளர்களுக்கும் எங்கள் நன்றி. ஓக் காட்டுக் கதிர்க்குருவி தரையில்தான் கூடு கட்டுகிறது.

நன்றியுடன்,
ரஸ்கினையும் அவர் காட்டையும் நேசிக்கும் தமிழ் வாசகர்கள்