ஒளிரலன்னா தண்ணி சுத்தம்னு அர்த்தமில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தண்ணில நச்சு இருந்தா ஒளிர்ந்து காட்டுற செல்-ஃப்ரீ பயோசென்சர் (செல் இல்லாத உயிரி உணரி) பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், இந்த விஷயம் தமிழ்ல வந்ததே பெரிய சந்தோஷம். ஆனா ‘தண்ணில பாக்டீரியாவ விட்டு சோதிக்கிறாங்க’னு எழுதிருக்கீங்க, அது சரியில்லங்க. இதுல உயிருள்ள செல்லே கிடையாது. ஈ.கோலைங்கற பாக்டீரியாவ உடைச்சு சாறு எடுப்பாங்க, இல்லன்னா தேவையான புரதத்த மட்டும் சுத்தம் பண்ணி எடுத்து, உறையவச்சு காயவச்சிடுவாங்க, அப்புறம் சோதிக்க வேண்டிய தண்ணிய விட்டதுமே வேலை ஆரம்பிச்சிடும். பெருகி வெளிய பரவுறதுக்கு அங்க எதுவும் இல்ல.

2020ல நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துல ஜூலியஸ் லக்ஸ் குழு கொண்டு வந்த ரோசலிண்ட் முறையையே எடுத்துக்கோங்க. டெட்ஆர்னு ஒரு புரதம் டிஎன்ஏ மேல உக்காந்து வழிய மறிச்சுக்கிட்டு இருக்கும், டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் மருந்து வந்து ஒட்டுனதும் பிடிய விட்டுடும், உடனே பாலிமரேஸ்ங்கற என்சைம் டிஎன்ஏ மேல ஓடி அதப் பாத்து ஆர்என்ஏ செய்யும், அந்த ஆர்என்ஏ மடிஞ்சு ஒரு சாயத்த பிடிச்சதும் பச்சையா ஒளிரும். துத்தநாகம், செம்புன்னா அதுக்கேத்த புரதத்தையும் அது உக்கார்ற டிஎன்ஏ பகுதியையும் மாத்தணும், அவ்ளோதான். ஆனா அந்தப் புரதம் கிடைக்கிறதுதான் பெரும்பாடு. நிறைய டெஸ்ட் கிட்ல, தேடுற பொருள ரெண்டு ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருள மட்டும் பிடிக்கிற நோய் எதிர்ப்புப் புரதம்) சேந்து பிடிக்கும், ஆனா சின்ன மூலக்கூறுல ரெண்டும் ஒரே நேரத்துல பிடிக்க இடமே இருக்காது, அதனாலதான் பாக்டீரியா தன் தேவைக்கு வச்சிருக்கற இந்த மாதிரி புரதங்கள தேடிப் போறாங்க. இயற்கைல அப்படி ஒண்ணு இல்லாத பூச்சிமருந்துக்கு என்ன பண்றது? புரதத்தையே திருத்தி அமைக்கணும், அதுக்கு வருஷக்கணக்குல உழைப்பு வேணும். கட்டுரைல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல.

எனக்கு உண்மையிலேயே கவலை தந்தது ‘ஒளிரலன்னா தண்ணி பாதுகாப்பானது’ங்கற வரிதான். டியூப்ல வழிய மறிக்கிற அந்தப் புரதம் கூடுனா சென்சிட்டிவிட்டி குறையும், ரொம்ப குறைச்சா சுத்தமான தண்ணிக்கே லேசா ஒளிரும். ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், சென்சர் 50க்கு மேலதான் ஒளிரும்னு வைங்க, இருட்டா இருக்கற டியூப நம்பி ஒரு குழந்தைக்கு அந்தத் தண்ணிய குடுக்கலாமா? அதே குழு 2022ல ஒவ்வொண்ணும் வேற வேற அளவுல ஒளிர்ற மாதிரி 8 டியூப வரிசையா வச்சு, எத்தன ஒளிருதுன்னு பாத்து அளவ தோராயமா சொல்ற மாதிரி செஞ்சாங்க, அது நல்ல முன்னேற்றம். இன்னொண்ணு, தண்ணில உப்போ அமிலமோ கூடுதலா இருந்தாலும், ஆர்என்ஏவ அரிக்கிற என்சைம் இருந்தாலும் ரியாக்ஷனே நின்னுடும், நச்சு இருந்தும் ஒளிராது. அதனால அதே தண்ணிய விட்டு, எப்பவும் ஒளிர வேண்டிய கன்ட்ரோல் டியூப் ஒண்ணு பக்கத்துலயே கட்டாயம் வேணும்.

அடுத்த தடவ இந்த மாதிரி சென்சர் பத்தி எழுதும்போது எந்த அளவுல ஒளிருது, கன்ட்ரோல் இருக்கா, எந்த மாதிரி தண்ணில சோதிச்சாங்கங்கறதையும் சேத்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்