அரண்மனை மருத்துவப் பெண்ணின் கதை தமிழிலும் ஒலிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சித் தொடர்கள் பற்றித் தங்கள் வாரப் பதிப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். 'சுஜாத தியணி' என்ற பெயரில் இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் சிங்களக் குரலில் ஒளிபரப்பாகி நாடெங்கும் பேசப்பட்ட கொரிய வரலாற்றுத் தொடரைக் குறிப்பிட்ட கட்டுரையாளர், அதன் முற்பகுதியாகிய அரண்மனைச் சமையலறைக் கதை உயிரோட்டமானது என்றும், கதாநாயகி மருத்துவம் கற்கத் தொடங்கிய பின் கதை தொய்ந்துவிடுகிறது என்றும் எழுதியிருந்தார். இதே கருத்தை எங்கள் தோட்டப் பகுதிகளிலும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மருத்துவமாதாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என்னால் அதை ஏற்க இயலவில்லை. ஆயினும் மலையகத்தில் இக்கருத்து இவ்வளவு பரவியிருப்பதற்குத் தக்க காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அதை விளக்கி, அதையொட்டி ஒரு வேண்டுகோளையும் முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தென்கொரியாவின் எம்.பி.சி. நிறுவனத்துக்காக லீ பியுங் ஹூன் இயக்கிய இத்தொடர், 2003 செப்டெம்பர் முதல் 2004 மார்ச் வரை 54 பகுதிகளாக அந்நாட்டில் ஒளிபரப்பானது. லீ யங் ஏ நடித்த ஜாங்-கும் என்னும் பாத்திரம், 16 ஆம் நூற்றாண்டில் கொரியாவை ஆண்ட ஜொசொன் அரசில் அரண்மனைச் சமையலறைக்குச் சிறுமியாக வந்து சேர்கிறாள். மன்னருக்குப் பரிமாறப்பட்ட வாத்துணவின் பேரில் எழுந்த பழியால் தன் குருவாகிய ஹான் அம்மையாரை இழந்து, அரச அடிமையாக ஜெஜு தீவுக்குத் தள்ளப்படுகிறாள். அங்கே ஜாங் டோக் என்னும் மருத்துவப் பெண்ணிடம் நாடி பார்க்கவும் அக்குபங்சர் ஊசி குத்தவும் கற்றுக்கொண்டு, பின்னர் மருத்துவப் பெண்ணாக அதே அரண்மனைக்குத் திரும்புகிறாள்.

சமையலறைக் கதையைப் பின்தொடர மொழி அவ்வளவாகத் தேவையில்லை. வெட்டுவதும் வேகவைப்பதும், ஒருத்தியின் பாத்திரத்தை மற்றொருத்தி மறைத்து வைப்பதும், மன்னர் சுவைத்ததும் அவர் முகம் மாறுவதும் கண்ணாலேயே விளங்குபவை. மருத்துவமோ முழுக்க முழுக்கப் பேச்சில் நடக்கிறது. நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வி, அவர் தயங்கித் தயங்கிச் சொல்லும் பதில், அந்தப் பதிலில் எதை நம்புவது எதை விடுவது என்று ஆசிரியர் மாணவிகளுக்குக் காட்டும் வழி ஆகியவற்றில்தான் கதையின் பிற்பகுதி முழுவதும் தங்கியிருக்கிறது. லயன் வீடுகளில் இத்தொடரைக் கூடியிருந்து பார்த்தவர்களுள் சிங்களம் சரளமாக அறிந்தவர்கள் பெரும்பாலும் இளையோரே. அவர்கள்தாம் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நடுநடுவே கதை சொன்னார்கள். 'இவ அவளுக்கு விசம் வைக்கப் பாக்குறா' என்று சொல்வதற்கு ஒரு மூச்சுப் போதும். நோயாளியின் பக்கத்தில் நாட்கணக்கில் அமர்ந்து ஒருத்தி கேட்டறிந்தவற்றை அவ்வாறு ஒரு மூச்சில் சொல்லிவிட முடியாது. எனவே, மொழி அறியாதவர்களுக்குப் பகையும் சமையலும் கிடைத்தன, மருத்துவம் கிடைக்கவில்லை. கதை தொய்ந்ததாக அவர்கள் உணர்ந்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

அவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். மருத்துவப் பெண்களைப் பயிற்றுவிக்கும் ஷின் இக் பில் என்னும் ஆசிரியர், ஜாங்-குமுக்குத் திரும்பத் திரும்பத் தோல்வியே அளிக்கிறார். அவள் நூல்களை நன்கு கற்றவள், எதையும் பிறருக்கு முன்பாகவே ஊகித்துவிடுபவள். அவளுடைய தோழி ஷின்-பி நிதானமானவள், நோயாளியிடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருப்பவள், உறுதியாகத் தெரியாதபோது அதை ஒப்புக்கொள்பவள். ஆசிரியர் மெச்சுவது ஷின்-பியைத்தான். கூர்ந்த அறிவு மருத்துவருக்கு ஆபத்தாகவும் முடியலாம் என்பதையும், நோயாளியை முழுமையாகக் கேட்டு முடிப்பதற்குள் நோயைப் பெயரிட்டுவிடக் கூடாது என்பதையும் இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை. பயிற்சி பெறும் ஒவ்வொரு தாதிக்கும் இப்பகுதிகளைப் போட்டுக் காட்டலாம் என்பேன். அதேபோல், அரசிக்குக் கருக்கலைந்த பிறகும் உடல் தேறாதபோது, உண்டானது இரட்டைக் கரு என்பதையும் அதில் ஒன்று இறந்து உள்ளேயே தங்கிவிட்டது என்பதையும் ஜாங்-கும் கண்டறியும் பகுதி, பிரசவம் பார்த்தவர்கள் எவரையும் உலுக்கக்கூடியது. முற்பகுதியிலேயேகூட, சீனி வருத்தம் உள்ள சீனத் தூதுவருக்கு அவர் விரும்பிய ஆடம்பர விருந்தைக் கொடுக்காமல், அவர் சினத்தையும் பொறுத்துக்கொண்டு மரக்கறி உணவையே அவள் பரிமாறும் நிகழ்ச்சி சமையலைவிட மருத்துவத்துக்கே நெருக்கமானது.

தொடரில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. இறுதிப் பகுதியில் ஜாங்-கும் ஒரு கர்ப்பிணியின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பதாக வரும் காட்சி நம்பத்தக்கதாக இல்லை. சமையலறைக் கதையும் கற்பனையே. ஜொசொன் அரசின் ஆண்டுக் குறிப்பேடுகளில், ஜுங்ஜோங் மன்னரின் ஆட்சிக் காலத்துக்குரிய சில குறிப்புகளில் மட்டுமே, உண்மையில் வாழ்ந்த ஜாங்-குமின் பெயர் காணப்படுகிறது. அவருடைய பெற்றோர் யாவர், அவர் எங்கே பிறந்தார் என்பவை அவற்றில் இல்லை. 1524 ஆம் ஆண்டுக் குறிப்பில், மற்ற மருத்துவப் பெண்களைவிட அவர் திறமை மேம்பட்டது என்று மன்னர் சொல்கிறார். 1544 ஆம் ஆண்டில், தம் இறுதி நோயின்போது, தம் உடல்நிலையை அந்த மருத்துவப் பெண் அறிவார் என்று அமைச்சர்களிடம் கூறுகிறார்.

இவற்றுள் என் மனத்தைவிட்டு அகலாதது 1515 ஆம் ஆண்டுக் குறிப்பு. ஜாங்கியோங் அரசி ஓர் இளவரசரைப் பெற்றெடுத்தார். பிற்காலத்தில் இன்ஜோங் மன்னர் ஆனவர் அவரே. பிரசவத்தைக் கவனித்தவர்களுள் ஜாங்-கும் இருந்தார். குழந்தை பிழைத்தது, சில நாட்களுக்குள் தாய் இறந்தார். உடனே ஜாங்-குமைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். பிள்ளைப்பேற்றில் அவர் ஆற்றிய பணிக்கு உண்மையில் பரிசே கொடுத்திருக்க வேண்டும், துக்கம் நேர்ந்ததால் அது இயலவில்லை, அதற்காக அவரை அடிக்கவும் முடியாது என்று மன்னர் மறுத்துவிட்டார். தொடரின் கதையில் இந்நிகழ்ச்சிக்கு இடமளிக்கப்படவில்லை. பகைவரின் சூழ்ச்சிகளுக்கு அத்தனை பகுதிகளை ஒதுக்கியவர்கள், எந்தச் சூழ்ச்சியும் இல்லாமலே ஒரு மருத்துவப் பெண்ணின் தலைமேல் விழுந்த இந்தப் பழியை விட்டுவிட்டது எனக்குப் பெரிய ஏமாற்றம். பிரசவ அறையில் ஓர் உயிர் போனால், அந்த இரவு முழுவதும் கூட இருந்தவளைப் பார்த்தே முதற்கேள்வி எழும் என்பதை என் தொழிலில் இருந்தவர்கள் அறிவார்கள்.

இந்த மருத்துவப் பெண்களின் முறைமை தோன்றிய விதமும் மலையக வாசகர்கள் அறிய வேண்டியது. ஆண் மருத்துவர்களிடம் உடலைக் காட்ட நாணி, பெண்கள் நோயை மறைத்து இறந்துபோகிறார்கள் என்ற முறையீட்டின் பேரில், 1406 ஆம் ஆண்டில் தேஜோங் மன்னர் காலத்தில் இம்முறை தொடங்கப்பட்டது. நாடி பார்க்கவும் ஊசி மருத்துவம் செய்யவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் உயர்குடிப் பெண்கள் அல்லர். அரச அடிமைகளாக இருந்த சிறுமியர். அடுத்து வந்த சேஜோங் மன்னரின் காலத்தில் மாகாணங்களிலிருந்தும் இத்தகைய சிறுமியர் தலைநகருக்கு வரவழைக்கப்பட்டு, பயிற்சிக்குப் பின் தத்தம் ஊர்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அரசியின் நாடியைப் பிடிக்கும் அளவுக்குக் கற்றும் அவர்களுடைய பிறப்பு நிலை மாறவில்லை. யொன்சான் மன்னரின் ஆட்சியில் அவர்களை விருந்துகளுக்கு வரச்செய்து ஆடல்மகளிரைப்போல நடத்திய இழிவும் நேர்ந்தது. தொடரில் ஜாங்-குமும் ஷின்-பியும் அதிகாரிகளின் விருந்துக்குச் செல்ல மறுக்கும் காட்சியின் கனத்தை, இந்தப் பின்னணி தெரிந்தவர்களே உணர முடியும்.

கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரின் பிள்ளைகளாகப் பிறந்து, பிள்ளைக்காம்பராவில் வளர்ந்து, தோட்டப் பாடசாலையில் படித்துத் தாதியராகவும் மருத்துவமாதராகவும் ஆன பெண்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். ஆயினும், தமிழில் பேசிக் கேட்டறியக்கூடிய சுகாதாரப் பணியாளர்கள் நம் பகுதிகளுக்குப் போதாமலே இருக்கிறார்கள். வைத்தியசாலையில் வலி எங்கே, எப்போதிலிருந்து, எப்படிப்பட்டது என்று கேட்கப்படும்போது, 'குத்துது', 'இழுக்குது', 'கடுக்குது' என்று தன் சொல்லில் சொல்ல முடியாமல் வயிற்றைத் தொட்டுக் காட்டிவிட்டு மருந்துத் துண்டுடன் திரும்பும் தாய்மாரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நோயறிதலுக்குப் பேச்சு எவ்வளவு இன்றியமையாதது என்பதையே மையமாகக் கொண்ட ஒரு தொடர், இந்தத் தாய்மாருக்குப் பேச்சு விளங்காத ஒன்றாகப் போய்ச் சேர்ந்தது வருத்தத்துக்குரியது. சிங்களக் குரல் வழங்கிய கலைஞர்களின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இத்தொடர் இந்நாட்டில் அவ்வளவு நேசிக்கப்பட்டதற்கு அவர்களும் காரணம்.

எனவே, அரச தொலைக்காட்சியின் தமிழ்ச் சேவை இத்தொடரைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்ப முன்வர வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இலங்கை வானொலி நாடகங்கள் வளர்த்த குரல் மரபு நம்மிடம் இருக்கிறது; அதில் பழகிய கலைஞர்களையே இதற்கு அழைக்கலாம். மொழிபெயர்ப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். நாடி பார்ப்பது இரு மரபுகளுக்கும் பொது என்பதற்காகக் கொரிய மருத்துவத்தை வாதம், பித்தம், கபம் என்று நமது சித்த வைத்தியமாக மாற்றிவிடக் கூடாது. அது சீன மருத்துவத்தோடு தொடர்புடையதாய் வளர்ந்து, தன் நாட்டு மூலிகைகளை ஆராய்ந்து தனி வழி கண்ட மரபு. அம்மரபை ஹோ ஜுன் என்னும் அரண்மனை மருத்துவர் தொகுத்தளித்த பெருநூல் 1613 ஆம் ஆண்டில் அச்சாகி, இன்று யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. அவர் வாழ்க்கையையும் இதே இயக்குநர் முன்னதாகத் தொடராக்கியிருக்கிறார். ஜாங்-குமின் கதைக்கு வரவேற்பு கிடைத்தால் அதையும் தொடர்ந்து தரலாம். ஒவ்வொரு வாரமும் சில நிமிடங்கள், எது ஆவணத்தில் உள்ளது, எது கற்பனை என்று விளக்கினால் மாணவர்களுக்கும் பயன்படும்.

நேரம் பற்றியும் ஒரு சொல். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள், தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து உட்காரும்போது இரவு எட்டு மணியாகிவிடுகிறது. அதற்கு முன் ஒளிபரப்பினால் அவர்களால் பார்க்க இயலாது. வார நாட்களில் தவறிய பகுதிகளை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மறுபடி ஒளிபரப்புவதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர்,
அட்டன்.